மொழிபெயர்ப்பு உங்களுடையது, ஆய்வேடு அவருடையது

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவர். தமிழில் எம்.ஏ., எம்.பில். முடித்து, திருமணத்துக்குப் பிறகு இங்கு வந்தவர். நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றிருக்கிறார். சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறார். அந்தக் கோயிலுக்கு வரும் ஒரு பெண் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். ஐந்தாம் தலைமுறை; வீட்டில் ஆங்கிலம்தான்; தமிழ் எழுத்துக்கூட்டவும் வராது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கும் ஊரிலிருந்த உறவினர்களுக்கும் இடையே போய்வந்த 31 பழைய கடிதங்களின் படங்களை அவர் கொண்டுவந்து, "ஆன்ட்டி, இவற்றை ஆங்கிலத்தில் மாற்றித் தரவேண்டும்" என்று கேட்டிருக்கிறார். 18,000 ராண்ட் என்று வாட்ஸ்அப்பில் பேசி முடித்து, 6,000 கொடுத்தார். மீதி வரவில்லை.

வேலை அதோடு நிற்கவில்லை. வயதான பெண்களிடம் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் வந்தன. "பார்த்துச் செய்கிறேன்" என்றாரே தவிர, தொகை பேசவில்லை. பிறகு ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்களின் ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொன்னார். சகோதரியும் திருத்திக் கொடுத்தார். இப்போது மூன்றாவது அத்தியாயத்தையே எழுதித் தந்தால் 15,000 ராண்ட் தருவதாகவும், பழைய பாக்கியையும் சேர்த்துத் தீர்ப்பதாகவும் சொல்கிறார். இதற்கிடையில் அந்தப் பெண்ணின் கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்துவிட்டது. அதில் சகோதரியின் மொழிபெயர்ப்பு பக்கம் பக்கமாக இருக்கிறது. அடியில் 'மொழிபெயர்ப்பு: கட்டுரையாளர்' என்று போட்டிருக்கிறது. "கோயில் பிள்ளை, தமிழுக்குச் செய்த சேவையாக நினைத்து விட்டுவிடு" என்கிறார் கணவர். இவருக்கு மனம் ஆறவில்லை. பாக்கியைக் கேட்கலாமா, தானும் இணை ஆசிரியர்தானே, பல்கலைக்கழகத்துக்கு எழுதலாமா, கோயில் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா, அந்தக் கடிதங்களைத் தானே நூலாக வெளியிடலாமா, சான்றிதழ் இல்லாத தான் இந்த வேலையைத் தொழிலாகச் செய்யலாமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒலிப்பதிவில் கேட்ட ஒரு பாட்டியின் குரலைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கடிதத்தில் நான்கைந்து விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. மொழிபெயர்ப்பு வேறு, செம்மையாக்கம் வேறு, எழுதிக்கொடுப்பது வேறு. மூன்றுக்கும் சட்டமும் ஒன்றல்ல, கல்வி அறமும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் ஒரே 'உதவி'யாக நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்டதிலிருந்துதான் பிணக்கு தொடங்கியிருக்கிறது.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாம் அத்தியாயத்தை எழுதாதீர்கள். 15,000 ராண்டுக்கும் வேண்டாம், இனாமாகவும் வேண்டாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாணவர் 'இது என் சொந்த ஆக்கம்' என்று கையெழுத்திடுகிறார். நீங்கள் எழுதினால் அந்தக் கையெழுத்து பொய்யாகிவிடும். பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டாலும் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறிக்கும். அந்தப் பெண் வேலை இழப்பார், பெயர் இழப்பார். உங்களுக்கும் கேடுதான்: பொய்யான சமர்ப்பிப்புக்காகப் போட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்க் கூலி கேட்க முடியாது. பழைய பாக்கியை இதோடு முடிச்சுப் போடுவது உங்களை இழுத்துப் பிடிக்கும் வழி. பழைய பாக்கி தனிக்கடன். அதை வாங்குவதற்குப் புதிதாக எதையும் செய்யவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

அந்தப் பெண்ணை வஞ்சகர் என்று நான் முடிவுகட்டவில்லை. தமிழ் தெரியாமல் தமிழ் ஆவணங்களை வைத்து ஆய்வுக்கு இறங்கிவிட்டு, காலக்கெடு நெருக்கும்போது திணறுகிறவராகவே தெரிகிறார். அவருக்கு வேண்டியது நெறியாளரிடம் போய்க் கூடுதல் அவகாசம் கேட்பதும், எழுதக் கற்றுத்தரும் உதவியும். பல பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்களுக்கென்றே எழுத்துப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அங்கே போகச் சொல்லுங்கள். உங்கள் மறுப்போடு இந்த வழியையும் சேர்த்துச் சொன்னால் மறுப்பின் கடுமை குறையும்.

வர வேண்டிய பணம்

'எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லையே' என்று வருந்தியிருக்கிறீர்கள். வருந்த வேண்டாம். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். உங்களிடம் வாட்ஸ்அப் உரையாடலே இருக்கிறது; 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புகள் சட்டப்படி, மின்னணுச் செய்தி என்பதற்காக மட்டும் அதைச் சட்ட மதிப்பற்றது என்று ஒதுக்க முடியாது. எத்தனை கடிதங்கள், எவ்வளவு தொகை, அவர் சம்மதித்தது, 6,000 கொடுத்தது எல்லாம் அதில் இருக்கின்றன. எனவே கடிதங்களுக்கான 12,000 ராண்ட் உங்களுக்கு வரவேண்டிய கடன். சாதாரணக் கடனுக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. அதற்குள் கேட்டு வாங்க வேண்டும்.

ஒலிப்பதிவுகள் விஷயம் சற்றுத் தளர்வானது. தொகை பேசாவிட்டாலும், கூலிக்குச் செய்யப்படும் வேலை என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் நியாயமான ஒரு தொகையைக் கேட்கலாம். 'பார்த்துச் செய்கிறேன்' என்று அவர் எழுதியது உங்களுக்குச் சாதகமானது. ஆனால் எது நியாயமான தொகை என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும்: எத்தனை மணி நேரப் பதிவு, எழுத்தில் இறக்க எவ்வளவு நேரம் ஆனது, மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று காட்ட வேண்டும்.

அந்த இரண்டு அத்தியாயங்களுக்குப் பணம் கேட்காதீர்கள். நீங்கள் அனுப்பியிருக்கும் வாட்ஸ்அப் உரையாடல் படங்களில் உங்கள் செய்தியே இருக்கிறது: "பரவாயில்லை அம்மா, இதைச் சும்மாவே பார்த்துத் தருகிறேன்." மனமுவந்து செய்வதாகச் சொல்லிச் செய்ததற்குப் பிறகு விலை போட முடியாது. போட்டால் நியாயமான கோரிக்கையும் வலுவிழக்கும்.

இனி நடைமுறை. முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம். ஆங்கிலத்தில், அரைப்பக்கத்துக்கு மேல் போகாமல், கடிந்து ஒரு சொல்லும் இல்லாமல் எழுதுங்கள். எந்த வேலை, எந்த நாளில் பேசியது, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, 14 நாளுக்குள் தராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன் என்பது மட்டும் இருந்தால் போதும். கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தவணையாகக் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். மாணவர்களிடம் ஒரே நேரத்தில் 12,000 இருப்பது அரிது. தவணைத் தேதிகளை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ராண்ட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை. நீங்களே பேச வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்காகவே 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வைத்திருக்கிறது. எழுத்தர் படிவங்களை நிரப்ப உதவுவார், கட்டணம் வாங்கமாட்டார். கடிதங்கள், ஒலிப்பதிவுகள் இரண்டையும் சேர்த்து 20,000-ஐத் தாண்டினால் மிச்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அந்த வரம்புக்குள் கேட்கலாம். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை மனத்தில் வையுங்கள்.

பணம் வரும்வரை இன்னும் கொடுக்காத மொழிபெயர்ப்பை நிறுத்திவைக்கலாம். ஒரு தரப்பு தன் கடமையைச் செய்யாதபோது மறுதரப்பும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது இங்கே நெடுங்காலமாக உள்ள நெறி. ஆனால் அவர் கொடுத்த படங்களையும் ஒலிப்பதிவுகளையும் பணயமாகப் பிடித்துவைக்காதீர்கள். கேட்டால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

கணவர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. தமிழ்ப் பணிக்குப் பணம் கேட்பது இழுக்கு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. சனிக்கிழமை வகுப்பை நீங்கள் சேவையாக நடத்துகிறீர்கள்; அது உங்கள் மனம். அந்தக் கடிதங்களைப் படிப்பது வேறு வகை உழைப்பு. புள்ளி வைக்காத கையெழுத்து. காலும் ரகரமும் ஒன்றுபோல நிற்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. தேதிக்கு ௵, ௴, ௳ என்ற குறிகள், நடுவில் மேற்படிக்கு ௸. இன்று தமிழில் பட்டம் பெற்றவர்களிலும் எத்தனை பேர் இதைத் தடுமாறாமல் படிப்பார்கள்? இந்த நாட்டின் அரசியலமைப்பு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் 6-வது பிரிவிலேயே தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த மொழியில் அரிதான ஒரு திறமை வைத்திருப்பவர் அதற்கு உரிய கூலி கேட்பது தமிழுக்கு எந்தக் குறையையும் செய்யாது. கூலி கிடைத்தால்தான் இந்தத் திறமையை அடுத்து ஒருவர் கற்க முன்வருவார்.

பெயரும் உரிமையும்

இங்கே உங்கள் நினைப்பை இரண்டு பக்கமும் திருத்த வேண்டியிருக்கிறது.

'அவள் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னது, ஆகவே மொழிபெயர்ப்பு அவளுடையது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. 1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் மொழிபெயர்ப்பும் பாதுகாப்புக்குரிய ஆக்கம். அதன் ஆசிரியர் மொழிபெயர்த்தவர். பணம் கொடுத்துச் செய்வித்தவருக்கே உரிமை போகும் என்று அந்தச் சட்டம் சொல்வது நிழற்படம், உருவப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு போன்ற சிலவற்றுக்குத்தான். மொழிபெயர்ப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் அவரிடம் வேலை செய்யும் ஊழியரும் அல்ல. உரிமையைக் கைமாற்ற, நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அப்படி எதுவும் இல்லை. உரிமையையே கைமாற்றியிருந்தாலும், ஆக்கியவர் தான் என்று கோரும் உரிமை 20-வது பிரிவின்படி உங்களிடமே நிற்கும்.

ஆய்வுக்காகத்தான் கேட்கிறார் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறீர்கள். எனவே ஆய்வேட்டில் பயன்படுத்த நீங்கள் சம்மதித்ததாகவே கொள்ளப்படும். அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். கேட்க வேண்டியது உங்கள் பெயரை. தமிழே படிக்கத் தெரியாதவர் 'மொழிபெயர்ப்பு: கட்டுரையாளர்' என்று போட்டது வாசகருக்குச் சொன்ன பொய்த்தகவல். அந்த ஆய்விதழுக்கும் அது உவப்பாக இருக்காது. முதலில் அந்தப் பெண்ணிடம், ஆய்விதழுக்கு எழுதித் திருத்தக் குறிப்பு வெளியிடச் செய்யும்படி கேளுங்கள். ஆய்விதழ்கள் இப்படித் திருத்தம் வெளியிடுவது வழக்கமானதுதான். அவராகவே கேட்டால் அவர் மதிப்பு குறையாது. ஒரு மாதத்துக்குள் செய்யாவிட்டால், நீங்கள் அனுப்பிய கோப்புகளை அனுப்பிய தேதிகளோடு இணைத்து ஆசிரியர் குழுவுக்கே எழுதுங்கள். பதிப்புரிமை வழக்கு என்று போனால் செலவு உங்கள் கோரிக்கையைப் போலப் பல மடங்காகும். அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது, இணை ஆசிரியர் என்ற கோரிக்கை. ஆய்வேட்டுக்கு இணை ஆசிரியரே கிடையாது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள். கட்டுரைக்கு உண்டு, ஆனால் மொழிபெயர்த்ததால் மட்டும் ஒருவர் இணை ஆசிரியர் ஆகிவிடமாட்டார். ஆய்வின் கேள்வியிலோ, சான்றுகளைப் பொருள்கொள்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் தந்து, அதன் சரி தவறுக்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். மொழிபெயர்த்தவருக்குரிய இடம், மேற்கோளின் அடியில் பெயரும் நன்றியுரையில் ஒரு வரியும்.

ஆனால் மொழிபெயர்ப்போடு நீங்கள் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் ஓர் அடிக்குறிப்பு என்னை யோசிக்கவைக்கிறது. ஒரு கடிதத்தில் வரும் 'மூன்று பவுன்' நகைக்கணக்கு அல்ல, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் இங்கே தங்கியவர்கள் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்திய ஆண்டுக்கு மூன்று பவுண்டு தலைவரி என்று கண்டுபிடித்துக் குறிப்பு எழுதியது நீங்கள். கட்டுரையின் நடுவாதமே அதன் மேல் நிற்கிறது என்கிறீர்கள். குறிப்பும் அப்படியே வந்திருக்கிறது என்கிறீர்கள். இது மொழிபெயர்ப்பைத் தாண்டிய ஆய்வுப் பங்களிப்பு. வெளிவந்த கட்டுரையில் இப்போது ஆசிரியர் பெயரைச் சேர்க்கப் போராடுவதைவிட, திருத்தக் குறிப்பில் 'இந்த விளக்கம் மொழிபெயர்ப்பாளருடையது' என்று குறிப்பிடச் செய்வது நடக்கக்கூடியது. அடுத்த கட்டுரை என்றால் எழுதத் தொடங்கும் முன்பே இணை ஆசிரியரா இல்லையா என்று பேசி முடித்துவிடுங்கள்.

நூலாக வெளியிடும் ஆசையைப் பற்றி: 'நூறு வருடத்துக் கடிதம், யாருக்கும் உரிமை இல்லை' என்று எண்ணாதீர்கள். வழக்கமாக எழுதியவர் இறந்து 50 ஆண்டுகளில் பதிப்புரிமை முடியும். ஆனால் எழுதியவர் வாழ்நாளில் வெளியாகாத ஆக்கமாக இருந்தால், முதலில் வெளியிடப்படும் ஆண்டின் முடிவிலிருந்துதான் அந்த 50 ஆண்டுக் கணக்கே தொடங்குகிறது. பெட்டிக்குள் கிடந்த கடிதங்கள் இந்த வகை. தாளை வைத்திருப்பவர் ஒருவராகவும், எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளிடமும் இருக்கலாம். எனவே கடிதங்களை வைத்திருக்கும் குடும்பங்களிடமும், கண்டுபிடிக்க முடிந்த வாரிசுகளிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் நூலில் கைவைக்க வேண்டாம். வாங்கிவிட்டால், உங்கள் மொழிபெயர்ப்பை வெளியிட அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டியதில்லை. ஆய்வேடு முடியும்வரை பொறுப்பது மட்டும் மரியாதை.

அந்தப் பாட்டியின் சொல்

கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம் இது. ஒலிப்பதிவில் ஒரு பாட்டி தன் தங்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, நடுவில் "இதை எழுதிவிடாதே கண்ணு" என்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தமிழ் புரியாததால், "ஆமாம் பாட்டி" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தலையாட்டியிருக்கிறார் போலும். பாட்டியும் நம்பித் தொடர்கிறார். அந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விட்டுவிடாதீர்கள்; அப்படியே மொழிபெயர்த்தும் கொடுத்துவிடாதீர்கள். எழுத்துப்படியில் அந்த இடத்தில், 'இங்கே தகவல் தருபவர் இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்' என்று அவருடைய சொற்களோடு குறித்து, பதிவில் அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று போட்டு, அடுத்த பகுதியை நிறுத்திவைத்து, ஆய்வு மாணவருக்குத் தெரியப்படுத்துங்கள். எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற முடிவு உங்களுடையது அல்ல. ஆனால் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் அந்த வேண்டுகோள் காற்றில் போகாமல் காப்பது உங்கள் கடமை. அவர் பாட்டியிடம் திரும்பிப் போய், தமிழ் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, என்ன சம்மதம் என்று கேட்க வேண்டும். நேர்காணலுக்குச் சம்மதித்தவர் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம். பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்திலேயே இது எழுதியிருக்கும்.

இன்னொன்று. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுபவர், மொழிபெயர்ப்பவர் ஆகியோரிடம் இரகசியக் காப்பு உறுதிமொழி வாங்குவது இப்படிப்பட்ட ஆய்வுகளில் வழக்கம். உங்களிடம் வாங்கவில்லை என்கிறீர்கள். நீங்களே கேட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். 2021 ஜூலை முதல் முழு வீச்சில் நடைமுறைக்கு வந்துவிட்ட தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலம், சமயம், இனம் போன்ற செய்திகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. பாட்டிமார் பேச்சில் இவையெல்லாம் கலந்தே வரும். கோப்புகளைக் கடவுச்சொல் போட்டு வையுங்கள். நேரம் மிச்சம் என்று எந்த இலவசச் செயலியிலும் ஏற்றி மொழிபெயர்க்காதீர்கள். அங்கே ஏற்றிய குரல் எங்கே போய்ச் சேரும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, பாட்டியிடம் யாராலும் சொல்ல முடியாது.

இதை வைத்தே குழுவில் போடும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். அவதூறு வழக்கில், சொன்னது உண்மை என்பதோடு அதைச் சொன்னது பொது நலனுக்கு என்றும் காட்ட வேண்டும். 12,000 ராண்ட் பாக்கியில் பொது நலன் காட்டுவது கடினம். வழக்கு வராவிட்டாலும், ஒலிப்பதிவில் பேசியவர்கள் யார் என்று கோயிலில் எல்லாருக்கும் தெரியும். பாட்டிமாரின் கதைகள் வெளியே கசியும். பல்கலைக்கழகத்துக்கு எழுதுவதையும் இப்போது வேண்டாம் என்பேன். பெயர் விஷயத்தில் அவர் திருந்த மறுத்தாலோ, வேறு யாரிடமாவது அத்தியாயத்தை எழுதி வாங்கியதாக உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தாலோ, அப்போது நெறியாளருக்கு எழுதலாம். தெரிந்ததை மட்டும், சான்றோடு.

இதைத் தொழிலாகச் செய்வது

தாராளமாகச் செய்யுங்கள். சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தால்தான் ஆய்வேட்டுக்கு மொழிபெயர்க்கலாம் என்று யாரோ உங்களிடம் சொன்னது தவறு. உயர்நீதிமன்றத்தில் பதவி ஏற்ற உறுதிமொழி மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவது நீதிமன்றம், பிறப்பு, திருமணச் சான்றிதழ் போன்ற அதிகாரபூர்வக் காரியங்களுக்கு. ஆய்வுப் பணிக்குத் தேவை திறமையும் நம்பகமும். தென்னாப்பிரிக்க மொழிபெயர்ப்பாளர் கழகம் 1956 முதல் இயங்குகிறது. அங்கீகாரத் தேர்வுகளும் நடத்துகிறது. உறுப்பினராகச் சேர்வது நல்லது. தேர்வுக்குப் பணம் கட்டும் முன் தமிழ் – ஆங்கில இணைக்குத் தேர்வு உண்டா என்று எழுதிக் கேளுங்கள்.

வேலை தேடக் கோயில் வட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். வரலாறு, சமயவியல், மொழியியல் துறைகளுக்கும், ஆவணக் காப்பகங்களுக்கும் இரண்டு பக்க அறிமுகமும், அனுமதி பெற்ற ஒரு பழைய கடிதத்தின் படம், எழுத்துப்படி, மொழிபெயர்ப்பு மூன்றும் சேர்ந்த மாதிரியும் அனுப்புங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி – லுத்துலி ஆவண மையம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகம் போன்ற இடங்களில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் பதிவுகளைத் தேடி மாணவர்களும் குடும்பங்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். பேரப்பிள்ளைகளால் படிக்க முடியாத தமிழ்த் தாள்கள் இன்னும் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றனவோ.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு பக்கத்தில் சில விஷயங்களை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படித்து எழுத்துப்படி எடுப்பது ஒரு தொகை, மொழிபெயர்ப்பது வேறொரு தொகை. சொல் கணக்கு என்றால் தமிழ்ச் சொல்லை எண்ணுவதா, ஆங்கிலச் சொல்லை எண்ணுவதா என்று குறிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எண்ணிக்கை நன்றாகவே கூடும். பாதி முன்பணம், மீதி ஒப்படைக்கும்போது. பெயர் எங்கே, எப்படி வரும். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள். உரிமை யாரிடம். வருமானத்தை வரிக் கணக்கில் காட்டவும் மறவாதீர்கள்.

ஆய்வேட்டுச் செம்மையாக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எழுத்துப்பிழை, இலக்கணம், வாக்கிய ஒழுங்கு, மேற்கோள் வடிவம் வரை கைவைக்கலாம். வாதத்தை மாற்றுவது, பத்தியைப் புதிதாக எழுதுவது, விட்டுப்போன சான்றைச் சேர்ப்பது உங்கள் வேலையல்ல. அங்கே ஓரத்தில் கேள்வி எழுதி விடுங்கள், பதிலை மாணவர் எழுதட்டும். நெறியாளர் செம்மையாக்கத்துக்குச் சம்மதித்ததாக ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள். மாற்றங்கள் எல்லாம் கோப்பில் தடம் தெரியும்படி இருக்கட்டும். முடிவில் என்ன செய்தீர்கள், என்ன செய்யவில்லை என்று சான்றுக் கடிதம் கொடுங்கள். பல துறைகள் அதைக் கேட்கின்றன. திரும்பிப் பார்க்கையில், நீங்கள் சும்மா பார்த்துத் தந்த அந்த இரண்டு அத்தியாயங்களில் எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கோப்பைத் திறந்து சரிபாருங்கள். பத்திகளையே மாற்றியிருந்தால் அந்தப் பெண்ணிடம் சொல்லி, அவர் சொந்தச் சொற்களில் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

வாழ்க்கைத்துணையைச் சார்ந்த விசாவில் இங்கே இருக்கும் மற்ற சகோதரிகள் இதைப் படித்தால் ஓர் எச்சரிக்கை: குடியேற்றச் சட்டம் 'வேலை' என்பதை அகலமாகவே வரையறுக்கிறது, கூலி வாங்காவிட்டாலும்கூட. உங்கள் விசா என்ன அனுமதிக்கிறது என்று பார்க்காமல் இறங்க வேண்டாம்.

உதவி தேடும் மாணவர்களுக்கும் சொல்கிறேன். தமிழ் ஆவணம் உங்கள் ஆய்வில் இருக்கிறதென்றால், ஆய்வு முன்வரைவு எழுதும் நாளிலேயே மொழிபெயர்ப்புச் செலவை வரவு செலவில் போடுங்கள்; அறநெறி விண்ணப்பத்தில் மொழிபெயர்ப்பாளரின் பங்கைக் குறிப்பிடுங்கள். ஒரு பக்கம் மாதிரி செய்து தரச் சொல்லி, அதற்குப் பணம் கொடுத்து, தமிழ் தெரிந்த வேறொருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். 'முழு ஆய்வேடும் எழுதித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் உங்கள் பெயரைக்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பெயரை வைத்தே பிறகு மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் உண்டு.

சகோதரி, இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்புக் கோப்புகளின் தேதி மாறாமல் ஒரு படி எடுத்து வையுங்கள். பிறகு அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து, கோரிக்கைக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். முதலில் பாட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு கட்டுரைத் திருத்தம். பிறகு பணம். மூன்றாம் அத்தியாயத்தை அவர் எடுத்தால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். பேசியதை அன்று இரவே நாலு வரியில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். 'நாம் இன்று பேசியது இதுதான், தவறு இருந்தால் சொல்' என்று முடியுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செய்தி உங்களுக்குச் சான்று. ஒரு வாரம் பார்த்துவிட்டு, அசைவு இல்லையென்றால் 14 நாள் கடிதத்தை அனுப்புங்கள்.